காளான் தின்றால் மனச்சோர்வு தீருமா?

பத்து வருஷம் மாத்திரை போட்டும் தீராத மனச்சோர்வு ஒரே ஒருமுறை காளான் தின்றால் தீர்ந்துவிடும், வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்ற பேச்சு சமூக ஊடகங்களில் பரவிக்கொண்டிருக்கிறது. கொடைக்கானலுக்குப் போதைக் காளான் தேடிப் போகிறவர்களில் சிலர் இப்போது அதைச் சிகிச்சை என்றே சொல்கிறார்கள். வெறும் புரளி என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் உடைந்துபோன பிள்ளைகள் மலையேறுகிறார்கள் என்பதால் இதை விலாவாரியாகப் பேச வேண்டியிருக்கிறது.

‘ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்’ என்பது முதல் வாதம். என்ன நிரூபித்தார்கள்? காளானில் உள்ள சைலோசைபின் என்ற வேதிப்பொருளை வைத்து நடந்த முக்கியமான ஆய்வு ஒன்று 2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. பல மருந்துகளுக்கும் அசையாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு 25, 10, 1 மில்லிகிராம் என மூன்றில் ஒரு அளவை ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. இவ்வளவு பிடிவாதமான நோயில் இது நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலன் பன்னிரண்டாம் வாரம்வரை நீடித்தது 20 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஐந்தில் ஒருவருக்கு மூன்று மாதம் நீடித்த பலனைத்தான் ‘தீர்ந்துவிடும்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு முந்தைய வருஷம் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சைலோசைபினையும் எஸ்சிட்டலோப்ராமையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். எஸ்சிட்டலோப்ராம் நம்மூர் மனநல மருத்துவர்கள் அன்றாடம் எழுதிக்கொடுக்கும் சாதாரண மாத்திரை. மொத்தம் 59 பேர், ஆறு வாரம். ஆய்வு தொடங்கும் முன்பே முதன்மை அளவுகோல் என்று குறித்துவைத்ததில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வேறு சில அளவுகோல்களில் சைலோசைபின் முந்தியது போலத் தெரிந்தது. ஆனால் அவற்றை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதைக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். இத்தகைய ஆய்வுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த மருந்து கிடைத்தது என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. ஆனால் கண்ணை மூடினால் வண்ணங்கள் ஓடத் தொடங்கிய பிறகு அதை யாரிடம் மறைப்பது? நம்பிக்கை எவ்வளவு வேலை செய்தது, மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பது கடினம்.

‘காளான்தானே குணமாக்கியது, அதை எங்கே தின்றால் என்ன?’ என்பார்கள். அந்த ஆய்வு அறைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே காளானே கிடையாது. தொழிற்சாலையில் தயாரித்து, துல்லியமாக அளந்து அடைத்த கேப்சூல்தான். அதற்கு முன்பே சில அமர்வுகள் பேசி நோயாளியைத் தயார் செய்திருப்பார்கள். அன்று அவர் கட்டிலில் படுத்து, கண்ணில் பட்டை கட்டி, காதில் இசை கேட்டபடி ஆறு முதல் எட்டு மணி நேரம் இருப்பார். பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார்கள். பயந்து அலறினால் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. ரத்த அழுத்தம் ஏறினால் பார்க்க டாக்டர் உண்டு. மறுநாளும் அதற்குப் பிறகும் கண்டதையெல்லாம் உட்கார்ந்து பேசுவார்கள். இதையெல்லாம் உருவிவிட்டு, எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாத ஒரு பொட்டலத்தை விடுதி அறையில் நண்பர்களோடு பிரித்துத் தின்பதை அதே சிகிச்சை என்று எப்படிச் சொல்வது?

அந்த அறைக்குள் எல்லாரையும் விடுவதும் இல்லை. மனச்சிதைவு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது அந்த நோய் இருந்தாலே சேர்ப்பதில்லை. நம் குடும்பங்களில் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்த மனநோயைப் பிள்ளைகளிடம் சொல்கிறோமா? கல்யாணம் தடைபடும் என்று மூடி மறைக்கிறோம். மலையில் காளான் வாங்கும் பையனுக்கு, தான் அந்த ஆபத்துக் கூட்டத்தில் இருக்கிறோம் என்பதே தெரிந்திருக்காது.

‘இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது.’ இந்த வாதத்தைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போதைக் காளானைப் போலவே தோற்றமளிக்கும் கலெரினா இனக் காளானும் இயற்கையானதுதான். அது கல்லீரலை அழித்து ஆளையே கொன்றுவிடும். சரியான கேப்சூலைக் கொடுத்த அந்த 233 பேர் ஆய்விலேயே 77 சதவீதம் பேருக்கு தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என ஏதோ ஒரு பாதகம் பதிவானது. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் செயலோ மூன்று பிரிவிலும் சிலரிடம் தென்பட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் மாயத்தோற்றப் போதைப்பொருளால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும் பொதுமக்களைவிட மூன்றரை மடங்கு இருந்தது. நோயை வரவழைத்தது அந்தப் பொருள்தான் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாதிப்பே இல்லை என்று சத்தியம் செய்வதற்கும் இடமில்லை.

பழங்குடிகள் காலங்காலமாகத் தின்கிறார்களே என்பவர்கள் மெக்சிகோவின் மரியா சபினாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மசாட்டெக் இனத்து வைத்தியரான அவர் நோயாளிக்காக இரவெல்லாம் விழித்திருந்து நடத்திய சடங்கில்தான் காளானுக்கு இடம் இருந்தது. 1957-இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்கர் லைஃப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். அனுபவம் தேடி வெளியூர்க் கூட்டம் அந்த ஊரை மொய்த்தது. ஊர் மக்களின் கோபம் சபினாவின் மேல் திரும்பி, அவர் வீடு தீக்கிரையானது. பழங்குடி மரபை மேற்கோள் காட்டுகிறவர்களின் வழி அந்தக் கூட்டத்தின் வழியே தவிர சபினாவின் வழி அல்ல.

‘ஆஸ்திரேலியாவில் அனுமதித்துவிட்டார்கள்’ என்பது உண்மை. 2023 ஜூலை 1 முதல், வேறு சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் மட்டும் கொடுக்கலாம். தெருவில் விற்பதற்கு அங்கேயும் அனுமதி இல்லை. துளித்துளியாகத் தினமும் எடுத்தால் நல்லது என்ற ‘மைக்ரோடோஸ்’ பேச்சும் உலவுகிறது. 2021-இல் 191 பேர் தங்களுக்கே தெரியாதபடி உண்மை மருந்தையோ வெற்று கேப்சூலையோ எடுத்த ஆய்வில், வெற்று கேப்சூல் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே முன்னேற்றம் தெரிந்தது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. மாத்திரை சாப்பிட்டால் காளான் வேலை செய்யாது என்று யாரோ சொல்ல, மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்துகிறார்கள். தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் படபடப்பும் வருவது ஒருபுறம், நோயே பழையபடி திரும்பும் அபாயம் மறுபுறம். ஆய்வுகளில் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் நிறுத்துகிறார்கள். மாத்திரையோடு சேர்த்துத் தின்பதிலும் ஆபத்து உண்டு. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு, அதோடு காளானோ எல்.எஸ்.டி.யோ சேர்த்தபோது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன.

ஏற்கெனவே தின்றுவிட்டவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லப் பயப்படுகிறார்கள், போலீசுக்குப் போய்விடும் என்று. சைலோசைபின் நம் நாட்டுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பது சரிதான். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் சொன்னது ரகசியமாகவே இருக்கும் உரிமையை, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளோடு, நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. தின்ற நாள், தின்ற அளவு, நிறுத்திய மாத்திரையின் பெயர் மூன்றையும் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். நேரில் போக முடியாவிட்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.