கியர் லீவர் அசைய மறுத்தால்

சென்ற மாதம் நாகர்கோவிலில் உறவினர் இல்லத் திருமணம். வைகறையிலேயே புறப்பட்டோம். சாவியைத் திருகியதும் எஞ்சின் இயங்கிற்று. ஆயினும் கியர் லீவர் 'பி' என்னும் நிறுத்த நிலையினின்று இம்மியும் நகரவில்லை. அழைத்து வந்த மெக்கானிக், "இந்தப் பூட்டைக் கழற்றிவிட்டால் இனித் தொல்லையே இராது, ஐயா" என்றார். நம் வீட்டு முன்றிலோ சாலையை நோக்கிச் சரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி விளையாடும் பேரப்பிள்ளையும் வீட்டில் உண்டு. ஆதலால் மறுத்துவிட்டோம்.

ஆட்டோமாட்டிக் கார்களில் பிரேக்கை மிதித்தாலன்றி லீவர் 'பி'யை விட்டு அசையாது. 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆடி நிறுவனம் தன் கார்களைத் திரும்ப அழைத்து இப்பூட்டைப் பொருத்தியது. கார்கள் தாமே சீறிப் பாய்ந்தன என எழுந்த புகார்களுள் பெரும்பாலானவற்றுக்கு, பிரேக்கு என்றெண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்ததே காரணம் என்று அந்நாட்டு அரசின் ஆய்வு 1989-இல் கூறியது. பின்னர், சிறுவர் லீவரை அசைத்து வண்டி உருண்டோடும் விபத்துகளைத் தடுக்கும் பொருட்டு, 2010 செப்டம்பர் முதல் அங்கு இப்பூட்டு சட்டப்படி கட்டாயமாயிற்று.

பூட்டின் அமைப்பு எளிது. பெடலை மிதித்ததும் அதனருகிலுள்ள ஸ்விட்ச் பின்புறத்துச் சிவப்பு விளக்கை ஏற்றும். லீவரின் அடியிலுள்ள மின்காந்தத்திற்கும் செய்தி போகும். 'டிக்' என்ற ஓசையுடன் பூட்டு விலகும்.

எனவே லீவர் அசையாவிடில் வலிந்து இழுத்தல் கூடாது. சாவி 'ஆன்' நிலையில் இருக்க, பெடலை அழுத்தமாக மிதித்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் விளக்குகள் ஒன்றுமே எரியவில்லையெனில் ஃபியூஸிலோ ஸ்விட்சிலோ பழுது இருக்கலாம். விளக்கு எரிந்தும் ஓசை எழாவிடில் மின்காந்தத்தையோ அதன் கம்பியையோ ஐயுறலாம். ஓசை எழுந்தும் அசையாவிடில் லீவரின் இடுக்கில் நாணயம் முதலியன சிக்கியிருக்கலாம். சரிவில் நிற்கும் வண்டியின் பாரமும் காரணமாகலாம்.

இப்பாரத்தைப் பற்றி ஒரு சொல். மேடும் பள்ளமுமான நம் திருவனந்தபுரத்தில் இது பலர்க்கும் நேர்வது. 'பி'யில் கியர்ப் பெட்டியினுள் ஒரு சிறு கொக்கியே பற்சக்கரத்தைப் பிடித்து நிற்கிறது. ஆகவே நிறுத்தும்போது, காற்பிரேக்கை மிதித்தபடியே லீவரை 'என்'னில் வைத்து, கைப்பிரேக்கை இழுங்கள். பின் காலை மெல்லத் தளர்த்துங்கள். பாரம் கைப்பிரேக்கில் இறங்கும். மீண்டும் மிதித்து 'பி'க்கு மாற்றுங்கள்.

அவசரத்திற்கென லீவரருகே சிறு மூடியின்கீழ் விடுவிப்பு வழி பல கார்களில் உண்டு. கைப்பிரேக்கை இழுத்து, காற்பிரேக்கையும் மிதித்துக்கொண்டே, வண்டியின் கையேட்டில் கண்டபடி அதனைக் கையாள்க. வண்டியைப் பழுது பார்க்குமிடம் சேர்ப்பதற்கே அது; அன்றாட வழக்கத்திற்கன்று.

இனி, ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் 'பி' நிலையே இல்லை, இப்பூட்டும் இராது. ஆயினும் பிரேக்கை மிதித்தாலன்றி எஞ்சின் கிளம்பாத வண்டி முரண்டு பிடித்தால், அங்கும் பிரேக் விளக்கை முதலில் நோக்குக.

நம் வண்டியில் கெட்டிருந்தது ஸ்விட்ச். மாற்றியதும் லீவர் இணங்கிற்று. முகூர்த்தத்திற்கும் போய்ச் சேர்ந்தோம். ஆனால் வழியெல்லாம் ஓர் எண்ணமே உறுத்திற்று. முந்தின இரவு கொட்டும் மழையில் இதே வண்டியில் குழந்தைகளுடன் வீடு திரும்பினோம். 'பி'க்கு மாற்றும்போது பூட்டு தடுப்பதில்லை. ஆகையால், நாம் பிரேக் போட்டபோதெல்லாம் பின்வந்த லாரிகளுக்குச் சிவப்பு விளக்கு தெரிந்ததோ, இல்லையோ! அதனை நமக்கு உணர்த்தியது, கழற்றி எறியச் சொன்ன அப்பூட்டேயன்றோ?