மலைச்சரிவின் நிறத்தை மாற்றுவது யார்?

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்வந்த மாணவர் யாராக இருந்தாலும் அவருடைய கைப்பேசியில் ஒரு படம் இருக்கும். வரிவரியாக வெட்டிவிடப்பட்ட தேயிலைச் செடிகள், நடுவே ஒற்றையடிப் பாதை, பின்னால் மூடுபனி. அந்தச் சரிவுக்கு இன்னொரு படமும் உண்டு. அது மாவட்ட மன்றத்தின் உள்ளூர்த் திட்ட வரைபடம். அதில் விவசாயத்துக்கு ஒரு நிறம், வீடமைப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒரு நிறம், காட்டுக்கு ஒரு நிறம். நாம் எடுத்த படத்தில் அடுத்த பத்து ஆண்டுகளில் தேயிலை இருக்குமா, தங்கும் விடுதி இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது படம்தான். முதல் படத்தைப் பார்த்தவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நில மேம்பாட்டுச் செய்திகளைப் படிக்கும்போது நம்மில் பலர் குழம்பிப்போகிறோம். காரணம், இதில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று நிலச் சட்டம். தேசிய நிலச் சட்டத்தின்படி நிலம் விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூன்று வகைப்படும். பட்டாவில் ‘விவசாயம்’ என்றிருந்தால் அங்கே விடுதி கட்ட முடியாது. வகையை மாற்ற நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவெடுப்பது மாநில அரசாங்கம். நமது அரசியலமைப்பில் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. இரண்டாவது கதவு, 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். மாநிலத்துக்குக் கட்டமைப்புத் திட்டம், மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டம் என இரண்டு திட்டங்களை அது கேட்கிறது. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை உள்ளூர்த் திட்டம் சொல்லும். திட்ட அனுமதியை வழங்குவது ஊராட்சி மன்றம். கேமரன் மலையில் அது மாவட்ட மன்றம்.

இந்த இரண்டு கதவுகளும் திறந்தால்தான் தேயிலைச் சரிவு கட்டட நிலமாகும். திறக்கும்போது சரிவின் கீழே இருப்பவர்களுக்குத் தெரிகிறதா என்பதே நம் கேள்வி.

கேமரன் மலையில் இது வெறும் கொள்கை விவகாரம் அன்று. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் மூழ்கின, உயிர்கள் போயின. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் பல்லாண்டுகளாக மண் படிந்து வந்திருக்கிறது. மேலே காடு வெட்டப்பட்டுச் சரிவு திறக்கப்பட்டால் மழை மண்ணைக் கொண்டுவரும். மண் ஆற்றில் இறங்கும். ஆறு அதை நீர்த்தேக்கத்தில் சேர்க்கும். நீருக்கான இடத்தை மண் பிடித்துக்கொண்டால், பெருமழை நாளில் தேக்கி வைக்க இடம் குறைகிறது. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே ரிங்லெட் வட்டாரம் மீண்டும் சேற்று வெள்ளத்தைக் கண்டது. 2024 ஜனவரியில் புளூ வேலியில் நள்ளிரவுக்குப் பின் சரிந்த மண், உறங்கிக்கொண்டிருந்த ஐந்து மியன்மார் தொழிலாளர்களைப் புதைத்தது. அவர்கள் யாரும் எந்தச் சரிவையும் திறக்கத் தீர்மானித்தவர்கள் அல்லர். பிழைக்க வந்து, இடம் கிடைத்த இடத்தில் படுத்தவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைநிலத்தை அனுமதியின்றித் திறக்கக் கூடாது என்று 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மலைச்சரிவுகளை நான்கு தரங்களாகப் பிரிக்கும் வழிகாட்டிகள் உள்ளன; 25 பாகைக்கு மேல் மூன்றாம் தரம், 35 பாகைக்கு மேல் நான்காம் தரம். 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்த பிறகு, மலைச்சரிவில் கட்டுவதன் ஆபத்தை நாட்டில் அறியாதவர் எவரும் இருக்க முடியாது. அறிந்திருந்தும் சரிவுகள் திறக்கப்படுகின்றன. ஆகவே குறை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை. முடிவெடுக்கும் மேசையில் யார் அமர்கிறார் என்பதிலும் இருக்கிறது.

தேயிலையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கே இருந்தது காடு. அதைத் திருத்தி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். ஆக, தேயிலையும் ஒரு காலத்தின் நில மேம்பாடுதான். ஆனால் ஒருமுறை வேரூன்றிய தேயிலைச் செடி பல தலைமுறைக்கு நிற்கும். மண்ணைப் பிடித்து வைக்கும். ஆண்டில் பலமுறை உழவோ சரிவைச் சமன்படுத்தவோ தேவையில்லை. பிளாஸ்டிக் கூரைபோட்ட காய்கறித் தோட்டத்திலும் கான்கிரீட் தரையிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றி அப்படியே கீழே ஓடுகிறது. ஒரு தேயிலைச் சரிவு நிறம் மாறும்போது அழகு மட்டும் போவதில்லை. கீழே இருக்கும் ஊருக்குக் கிடைத்துவந்த பாதுகாப்பும் குறைகிறது.

இங்கே தோட்டப்புறக் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்க்க வேண்டும். திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. உரிமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். லயத்து வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தாலும் அந்தக் குடும்பத்தின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். தொழிலாளர் வீடமைப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருக்கும் காலத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தோட்டம் கைமாறிய பின், நில வகை மாறிய பின், அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆக, நிலத்தோடு மிக நெருங்கி வாழ்பவருக்குக் கடிதம் வராது. கோலாலம்பூரில் குடியிருந்து அங்கே நிலம் மட்டும் வைத்திருப்பவருக்கு வரும்.

இந்த நிலை நமக்குப் புதிதல்ல. 1950களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையும் வீடும் இழந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களை மாதம் பத்து வெள்ளி சேமிக்கச் சொல்லி, அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பதை அந்தத் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. நாம் அதைப் படித்தாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

அண்மைக் காலத்துப் பாடம் ஒன்றும் உண்டு. தலைநகரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டியுள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. கட்டமைப்புத் திட்டத்தை ஓர் ஊராட்சி அதிகாரி காரணம் சொல்லாமல் ஒதுக்கிவைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மக்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அதே பூங்காவின் ஓரத்தில் நீள வீடுகளில் இருந்தவர்கள், பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கான வீடும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. பூங்காவா, ஏழைக்கு வீடா என்று இரண்டு நியாயங்களை மோதவிட்டது யார்? தொடக்கத்திலேயே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசாத திட்டமிடல்தான். கேமரன் மலையில் அந்தத் தவறு திரும்பக் கூடாது.

மேம்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் விடுதிகள் வந்ததால்தான் பல தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத மலையில் எஸ்.பி.எம். முடித்த இளைஞர் தங்கமாட்டார். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இறங்கிவிடுவார். காய்கறி விவசாயிகளின் நிலையும் எளிதல்ல. தற்காலிக ஆக்கிரமிப்பு உரிமம் ஆண்டு முடியும்போது காலாவதியாகும். அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர், சரிவைக் காக்கப் பெரிய முதலீடு செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எனவே கேள்வி மேம்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எங்கே, எவ்வளவு, யாரைக் கேட்டு என்பதே.

யாரைக் கேட்பது? நம் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இல் ஊராட்சிச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில், சட்டம் விட்டுவைத்திருக்கும் மற்ற வாசல்கள் இன்னும் முக்கியமாகின்றன.

அப்படி ஒரு வாசல் உண்டு. உள்ளூர்த் திட்டத்தின் நகல் தயாரானதும் மன்றம் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். இங்கே நில உரிமையாளர் என்ற நிபந்தனை இல்லை. லயத்து வீட்டுப் பாட்டி எழுதலாம். பல்கலைக்கழக மாணவர் எழுதலாம். பூர்வகுடிக் கிராமத்து இளைஞர் எழுதலாம். அந்த நான்கு வாரத்தில் எழுதத் தவறினால் பிறகு நிலைமை கடினம். திட்டம் அரசிதழில் வந்துவிட்டால், அதற்கு இணங்கிய கட்டடத்துக்கு அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டிய கட்டாயம் மன்றத்துக்கு இருப்பதில்லை. வரைபடம் வரையும்போது வாய்மூடி இருந்துவிட்டு, மண்வாரி இயந்திரம் வந்த பிறகு பதாகை பிடிப்பதில் பயன் குறைவு.

ஆகவே பகாங் மாநில அரசாங்கத்திடமும் மாவட்ட மன்றத்திடமும் நாம் கேட்பது மூன்று. முதலாவது, உள்ளூர்த் திட்டம் மறுபரிசீலனைக்கு வரும்போது அதன் விளக்கக் கூட்டங்கள் தானா ராத்தா அலுவலகத்தோடு நின்றுவிடாமல் தோட்டங்களிலும் பூர்வகுடிக் கிராமங்களிலும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாம், நான்காம் தரச் சரிவுகளில் இருக்கும் தேயிலை நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் விண்ணப்பங்களுக்குக் கதவைச் சாத்த வேண்டும். மூன்றாவது, எந்தத் தோட்ட நிலத்தின் வகை மாறினாலும், அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது அனுமதியின் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். அது வாய்மொழி வாக்குறுதியாக இருக்கக் கூடாது. முதல் வீடு ஒப்படைக்கப்பட்ட பிறகே முதல் விடுதிக்கு அடிக்கல் என்பதே முறையாகும்.

மாணவர்களிடம் கேட்பதும் உண்டு. ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு முறையாவது போய் உட்கார்ந்து பாருங்கள். நகரத் திட்டமிடல் என்றொரு பட்டப்படிப்பு யு.எஸ்.எம்., யு.டி.எம்., யு.ஐ.டி.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று வரிசைபிடிக்கும் நம் வீடுகளில் அதன் பெயர் அதிகம் கேட்பதில்லை. தோட்டத்தின் தலையெழுத்தை எழுதும் அந்த மேசையில் தோட்டத்திலிருந்து வந்த ஒருவரும் அமர வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறிய வேலை. கூட்டரசு நகர, கிராமத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்தில் நாட்டின் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் உள்ளன. உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தை, நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளி நிற்கும் இடத்தை அதில் தேடுங்கள். இன்று அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். நாளை அந்த நிறம் மாறப்போகிறது என்ற அறிவிப்பு வந்தால், முதல் வாரத்திலேயே கேள்வி கேட்கும் கடிதம் உங்களுடையதாக இருக்கட்டும்.