பி.எம்.பி. தேர்வு: மனப்பாடம் கைகொடுக்குமா?

ஒரு விடுதியில் 10 அறைகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அறைக்கு 5,000 ரூபாய், நாளுக்கு ஓர் அறை என்று திட்டம். ஐந்தாம் நாள் மாலை கணக்குப் பார்த்தால் செலவு 24,000 ரூபாய். அதுவரைக்கும் ஒதுக்கியது 25,000. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படலாமா?

கூடாது! முடிந்திருப்பது நான்கு அறைகள்தான். அதாவது 20,000 ரூபாய் வேலைக்கு 24,000 ரூபாய் போயிருக்கிறது. செலவில் 4,000 கூடுதல், வேலையில் ஓர் அறை பாக்கி. இதே போக்கில் போனால் 50,000 ரூபாயில் முடிய வேண்டியது 60,000 ரூபாயில் வந்து நிற்கும்.

பி.எம்.பி. தேர்வுக்குப் படிப்பவர்களைப் பயமுறுத்தும் 'ஏர்ன்ட் வேல்யூ' கணக்கு இவ்வளவுதான். பி.காம். மாணவர்களுக்கு இது அந்நியமே இல்லை. காஸ்ட் அக்கவுன்டிங்கில் வரும் வேரியன்ஸ் கணக்கோடு நேரமும் சேர்ந்தால் இதுதான். ஆனால் பலரும் இதைப் புரிந்துகொள்வதில்லை, சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1969-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்ற அமைப்பு, 1984 முதல் இந்தச் சான்றிதழை வழங்கி வருகிறது. அதன் கையேடான பி.எம்.பாக்கின் ஆறாம் பதிப்பில் (2017) 49 செயல்முறைகள் இருந்தன. அந்த அட்டவணையை ராத்திரி பகலாக உருப்போட்டவர்கள் ஏராளம். 2021-ல் வந்த ஏழாம் பதிப்போ 12 கொள்கைகளை முன்னால் வைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் தேர்வும் மாறியது. ஏறக்குறைய பாதிக் கேள்விகள் அஜைல், ஹைபிரிட் முறைகளுக்குப் போயின. வெறும் அட்டவணையை நம்பியிருந்தவர்களின் கதி என்ன?

கேள்விகள் வரும் விதமும் அப்படித்தான். வாடிக்கையாளர் பாதி வேலையில் வந்து புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? உடனே செய்து கொடுப்பதா, முடியாது என்பதா, மேலதிகாரியிடம் போவதா, அந்த மாற்றத்தால் நேரத்துக்கும் செலவுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்வதா? நான்குமே சரி மாதிரி தெரியும். கடைசியில் சொன்னதுதான் முதலில் செய்ய வேண்டியது. 'முதலில்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் மதிப்பெண் இருக்கிறது. அதற்கு வேண்டியது அனுபவம்.

அதனால்தான் அனுபவத்தை நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். பட்டதாரி என்றால் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம், கூடவே 35 மணி நேர வகுப்பு என்பதுதான் பலரும் அறிந்த விதி. இங்கேதான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது, தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்குவது, களவாகச் சுற்றும் கேள்வித்தாள்களைக் காசு கொடுத்து வாங்குவது!

வேலைக்கான விளம்பரங்களில் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்களே, என்ன செய்வது என்பார்கள். அந்த அவசரம் நியாயமானதுதான். வீட்டுக் கடனும் தங்கையின் படிப்பும் காத்திருக்காது. ஆனால் விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுத்து ஆதாரம் கேட்பார்கள். அதில் தப்பினாலும் விஷயம் முடிந்துவிடாது. பி.எம்.ஐ.-யின் நெறிமுறை சொல்லும் நான்கு விழுமியங்கள் பொறுப்பு, மரியாதை, நடுநிலைமை, நேர்மை. நான்காவதைக் கொன்றுவிட்டு வாங்கும் காகிதம், முதல் திட்டம் சறுக்கும்போதே சாயம் வெளுத்துவிடும். வணிகம் படிப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். பொய்க் கணக்கில் டாலி ஆகும் பேலன்ஸ் ஷீட்டை யாராவது மெச்சுவார்களா?

நேரான வழி இருக்கிறது. அனுபவம் கேட்காத சி.ஏ.பி.எம். என்ற ஆரம்பநிலைத் தேர்வையும் அதே அமைப்பு நடத்துகிறது. பள்ளிப் படிப்போடு 23 மணி நேர வகுப்பு இருந்தால் எழுதலாம். அதுவும் வேண்டாம் என்றால் கல்லூரி விழாவின் வரவு செலவை ஒருமுறை ஏற்று நடத்திப் பார்க்கலாம். பந்தல்காரர் தாமதித்தால் வேறு எதெல்லாம் தள்ளிப்போகும் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தால் 'கிரிட்டிக்கல் பாத்' தானாகப் புரிந்துவிடும்.

மூன்று வருடம் காத்திருப்பது நஷ்டம் போலத் தெரியலாம். ஆனால் விடுதிக் கணக்கில் மிச்சம் போலத் தெரிந்த ஆயிரம் ரூபாய் என்ன ஆனது என்பதை மறந்துவிடக் கூடாது.