பன்றியைப் பழிக்காதீர்!



அண்மையில் ஓய்வு நேரத்தில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு வசை என் செவியில் விழுந்தது. "பன்றி மாதிரித் தின்னாதேடா!" சொன்னவர் ஓர் ஆசிரியர். கேட்டவன் நான்காம் ஆண்டு மாணவன். சற்றே பருத்த உடல். மீ கோரெங் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தலை குனிந்தான். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அன்று பேசாததை இன்று எழுதுகின்றேன்.

பன்றி எப்படி உண்ணும் என்பதை அறிந்துதான் இப்படிப் பேசுகின்றோமா? ஸ்ரீ கெம்பாங்கான் சந்தையில் இறைச்சியாகத் தொங்கக் கண்டதல்லாமல், உயிருள்ள பன்றியை நம் மாணவருள் எத்தனை பேர் பார்த்திருப்பர்? (தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் பாலூட்டியதையும், அவையே பின்னர்ப் பாண்டியனுக்கு அமைச்சர்களானதையும் திருவிளையாடற் புராணம் கூறும். வசைபாடுவோர் அதையாவது படித்திருக்கலாம்!)

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் எவ்வார்ட் என்பவர், பன்றியின் பசி அதன் உடல் தேவையைச் சரியாகக் காட்டுமா என்னும் கேள்வியை 1915ஆம் ஆண்டிலேயே எழுப்பினார். தீவன வகைகளைத் தனித்தனியே வைத்து, பன்றிகளையே தேர்ந்துகொள்ள விட்டார். அவை நன்றாகவே வளர்ந்தன. பின்னர் 1990இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கிரியாசாக்கிஸ் குழுவினர், புரதம் மிகுந்த தீவனம் ஒன்றையும் குறைந்த தீவனம் ஒன்றையும் அருகருகே வைத்தனர். இரண்டையும் சுவைத்துப் பழகிய இளம் பன்றிகள், தமக்கு வேண்டிய அளவில் இரண்டையும் கலந்து உண்டன. வளர வளர, உணவில் புரதத்தின் பங்கைத் தாமே குறைத்துக்கொண்டன. எந்த மருத்துவரும் அவற்றுக்கு அட்டவணை எழுதித் தரவில்லை!

ஆனால், பண்ணைகளில் பெரும்பாலும் இந்த உரிமை இல்லை. கூட்டத்தின் சராசரியைக் கணக்கிட்டு ஒரே கலவையைக் கொட்டுகின்றனர். தேவைக்கு மிஞ்சிய புரதத்தின் நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறுகின்றது. சிலாங்கூரில் பன்றிப் பண்ணை என்றாலே கழிவு, நாற்றம் என்று வாதிடுகின்றோமே, அதில் ஒரு பங்கு தீவனத் தொட்டியில் மனிதன் எடுத்த முடிவால் வந்தது. பழி மட்டும் பன்றிக்கு!

"அப்படியானால் பிள்ளையையும் விருப்பம்போல் தின்ன விடலாமே" என்று சில பெற்றோர் மகிழக்கூடும். பொறுங்கள். பன்றிக்கும் இனிப்பு பிடிக்கும். ஆய்வாளர் வைத்த தொட்டிகளில் சர்க்கரைப் பாகு இல்லை.

இதே சோதனையைக் குழந்தைகளிடம் செய்தவர் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ். பால்குடி மறந்த குழந்தைகள் முன் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளை வைத்து, அவர்களையே தேர்ந்துகொள்ள விட்டார். முதல் முடிவுகள் 1928இல் வெளிவந்தன. குழந்தைகள் செழித்து வளர்ந்தனர். எனினும், சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருந்தது என்று 1939இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். அதில் காய், கனி, தானியம், பால், முட்டை, இறைச்சி போன்றவையே இருந்தன. சர்க்கரை இல்லை.

நாம் வைக்கும் பட்டியல் என்ன? நகெட், சொசேஜ், சிராப் தண்ணீர், கெரோபோக். "அவனுக்குப் பிடித்ததைத்தானே கொடுக்கிறோம்" என்கின்றோம். நான்கும் ஒரே தொட்டித் தீவனம் அல்லவா? இதில் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்? 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். பெரியோர் நம் நிலையே இப்படியிருக்க, பத்து வயதுப் பிள்ளையை நோக்கி விரல் நீட்ட நமக்கு என்ன தகுதி?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசவிருக்கின்றேன். அவித்த கச்சாங், வாழைப்பழம், வெள்ளரி, அவித்த முட்டை ஆகியவற்றைச் சிற்றுண்டிச்சாலையின் முன்வரிசையில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். சிராப் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். கட்டுப்படியாகாது என்பார்கள். விலைக்கணக்கோடுதான் வருவேன்.

அந்த மாணவனிடம் இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை பேசுவேன்.