ஸ்டீரியோ வாங்கும் முன்...

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2004 முதல் பல ஆண்டுகள் நடந்த 'ஹை எண்ட்' கண்காட்சியில், ஒரு வீட்டின் விலை பெறும் ஒலிக்கருவிகளெல்லாம் வைக்கப்பட்டன. நமக்குக் கண்காட்சி என்பது திருவனந்தபுரத்துக் கடைதான். ஆனால் காது ஏமாறும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இரு கருவிகளில் சற்று உரக்கப் பாடுவதே நல்லதாகத் தோன்றும். விற்பவர் விலை கூடியதன் ஒலியைச் சிறிது கூட்டி வைத்தால் போதும். நாம் தவணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுவோம். '50 வாட்ஸ் அல்ல, 100 வாட்ஸ்' என்பார்கள். வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்!

ஆகவே பாறசாலை, நெய்யாற்றின்கரை நம்மவர்களே, நன்கு பழகிய ஒரு பாட்டைக் கொண்டு செல்லுங்கள். நெய்யாற்றின்கரை வாசுதேவனின் கச்சேரியாகவும் இருக்கலாம். இரு கருவிகளிலும் ஒரே அளவு ஒலியில் வைக்கச் சொல்லுங்கள். குரலும் மிருதங்கமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கின்றனவா என்று கவனியுங்கள். கைப்பணம் குறைவென்றால் ஸ்பீக்கர் பெட்டிக்கே முதலிடம். விலையுயர்ந்த வயர் பிறகு வரட்டும். வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையுமான அறையில் எதிரொலி பாட்டைக் குழப்பும். அதற்கு ஒரு கனத்த திரையும் தரைவிரிப்பும் போதும்.

கையெழுத்துக்கு முன் ஒருநாள் பொறுப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. வட்டி கட்டப் போவது நம் சம்பளமல்லவா?