மூப்பு மட்டுமே காரணமன்று

வீட்டில் வளரும் கோழி ஐந்தாறு வயதில் நொண்டத் தொடங்கினால், "வயது போய்விட்டது" என்று கூறி விட்டுவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். முட்டை குறைந்த கோழியைப் பற்றி அதற்குமேல் ஆராய மனம் வருவதில்லை. ஆயினும், அந்நொண்டலுக்குக் காரணம் பல வேளைகளில் தீர்க்கக்கூடிய நோயே. ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, கோழியை மடியிலிருத்திப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தலாகும்.

உள்ளங்காலில் வீக்கமும் நடுவே கரும்பொருக்கும் காணப்படின், அது சீழ்க்கட்டி. முள் குத்திய சிறு புண்வழியே கிருமி புகுவதால் இது உண்டாகும். கோழியின் சீழ் நீராய் வடியாது, பாற்கட்டிபோல் இறுகிவிடும். ஆகவே பிதுக்குதல் தகாது. தொடக்க நிலையாயின், நாடோறும் இளஞ்சூடான உப்புநீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்துத் துடைத்து, தூய துணியாற் கட்டி, மெத்தென்ற வைக்கோலில் விடுதல் நன்று. வீக்கம் பெருகினாலோ, கோழி காலை ஊன்ற மறுத்தாலோ மிருக வைத்தியரை நாடவேண்டும். நோய் எலும்புவரை பரவக்கூடும். இக்கிருமி மனிதரின் புண்ணிலும் பற்றக்கூடியதாதலால், கோழியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் அவசியம்.

காலிலுள்ள செதில்கள் மேலெழுந்து, அடியில் வெண்பொருக்குப் படிந்திருப்பின், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உண்ணியே காரணம். சவர்க்கார நீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்து, ஈரம் உலர்ந்தபின் வாசிலைன் தடித்துப் பூசிவரின், காற்றின்றி உண்ணி மடியும். சில வாரங்கள் தொடர்ந்து செய்தல் வேண்டும். செதிலைப் பிய்த்தலும், மண்ணெண்ணெய் பூசித் தோலைப் புண்ணாக்குதலும் ஆகா. இவ்வுண்ணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுமாதலால், ஏனைய கோழிகளின் கால்களையும் பார்த்தல் நலம்.

முதிய கோழி மண்ணைக் கிளறுவது குறைவதால் நகம் தேயாது நீண்டு வளைந்து, விரலையும் கோணச் செய்யும். நுனியை மட்டும் சிறிது சிறிதாக நறுக்குக. உள்ளே இரத்தநாளம் உண்டு. இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்துக.

இவற்றைவிடச் சிறந்தது வருமுன் காத்தல். கோழி தங்கும் கொம்பு ஒன்றரை அடி உயரத்திற்கு மேற்படாமலும், சிராய்ப்பின்றி வழவழப்பாகவும் இருக்கட்டும். கூட்டின் தரை எப்போதும் உலர்ந்திருக்கட்டும். கோழி கொழுத்து எடை கூடாதபடி தீனியை அளந்து வைத்தலும் நன்று.

ஆண்டுக்கணக்கில் முட்டை தந்த உயிர், முட்டை நின்றதும் புறக்கணிக்கப்படுவதைக் காணும் பிள்ளைகள், பயன் உள்ளவரையே பரிவு என்று கற்றுக்கொள்வர். கோழியின் பாதத்தை வெந்நீரில் தாங்கிப் பிடிக்கும் வேலையை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். வேறொரு பாடத்தைக் கற்பர்.