கை நுழையாத இடம்

படகு இஞ்சினில் தண்ணீர் பம்பு மாற்றுவது கஷ்டமான வேலை என்று சொல்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. வேலை கஷ்டமே இல்லை. சில போல்ட்டுகள், இரண்டு ஹோஸ் கிளிப்பு, ஒரு கேஸ்கட். பம்பு வெட்டவெளியில் இருந்தால் புதுப் பையன்கூட முடித்துவிடுவான். கஷ்டமெல்லாம் அது இருக்கிற இடத்தில். அந்த இடம் கடல் கொடுத்ததல்ல, யாரோ ஒருவர் முடிவு செய்தது.

எங்கள் விசைப்படகு இஞ்சின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உறிஞ்சித் தருவது இந்தப் பம்பு. உள்ளே பூ மாதிரி விரிந்த ரப்பர் இம்பெல்லர். அதற்குத் தண்ணீர்தான் எண்ணெய். அடியில் ஒரு பிளாஸ்டிக் பை வந்து வாயை அடைத்தால் போதும், வறண்டு சுற்றிக் கொஞ்ச நேரத்திலேயே இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் போய் உட்காரும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுவிட்டு, “சூடு குறையலயே”ன்னு புலம்பிப் பயனில்லை. சீல் போனாலோ, உப்புத்தண்ணி சொட்டுச் சொட்டாகக் கசிந்து பக்கத்திலிருக்கும் இரும்பையெல்லாம் தின்னும்.

ஆக, தேயும் என்று தெரிந்தே செய்யப்பட்ட உறுப்பு இது. அதைத்தான் இஞ்சினுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே, மூடி சுவரைப் பார்த்தபடி வைக்கிறார்கள். படகு இஞ்சின்கள் பலவும் லாரிக்காகப் பிறந்தவை. கடலுக்கு மாற்றும்போது வந்து சேர்ந்த இந்தப் பம்பு, கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டது. பிறகு படகு கட்டுகிறவர், ஐஸுக்கும் மீனுக்கும் இடம் வேண்டுமென்று சுவரை இன்னும் நெருக்கிக் கட்டுகிறார்.

“மீன் வைக்கிற இடம்தானேப்பா காசு” என்பார் ஓனர். சரி. சுவரில் போல்ட் போட்டுக் கழற்றும்படி ஒரு பலகை வைக்க எவ்வளவு இடம் போகும்? ஒரு கூடை மீன்கூடக் குறையாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு சும்மா கிடக்கும். பெயிண்ட் அடிப்போம், பேர் எழுதுவோம், வலை பொத்துவோம். பம்பை மட்டும் திறக்க மாட்டோம். கை போகாது, “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்போம். எட்டாத பொருள் தள்ளிப்போடப்படும். தள்ளிப்போட்டது நடுக்கடலில், ராத்திரியில் உடையும். பம்பை எட்டாத இடத்தில் வைப்பதை நான் வெறும் அசௌகரியம் என்று சொல்லாததற்குக் காரணம் இதுதான். இஞ்சின் நிற்பதே அதனால்தான்.

பாக் நீரிணையில் இஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துப்போகும். 1974இல் காகிதத்தில் போட்ட எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது. மீனுக்காகத் தெரிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு, அது வேறு விவாதம். இயந்திரம் செத்து மிதந்து போனவனும் அதே சிறைக்குத்தான் போகிறான். படகும் திரும்பாமல் போகலாம். ஒரு ரப்பர் பூவுக்கு இவ்வளவு விலையா?

கடைசியாக, வாசிக்கிற உங்களிடம் ஒரு வார்த்தை. நானும் மெக்கானிக்தான். “கண்ணால பாக்காம விரலாலயே கழட்டுறான்யா” என்று எங்களைப் பற்றி யாராவது உருகி எழுதினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொதிக்கிற இஞ்சின் மேல் குப்புறக் கிடந்து, முழங்கை தோலுரிய, விழுந்த போல்ட்டை அடித்தண்ணியில் துழாவுகிற அதை ஏன் கலை என்கிறீர்கள்? அந்தத் திறமையை மெச்சாதீர்கள். அது ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள்.

எங்களுக்கு வேண்டியது மூன்றுதான்: சுவரில் கழற்றும் பலகை, கைக்கு எதிரே பம்பின் மூடி, படகில் எப்போதும் முழுசாக ஒரு மாற்றுப் பம்பு. இனிமேல் படகு கட்டுகிறவர் முதலில் தன் கையை உள்ளே விட்டுப் பார்க்கட்டும். அது நுழைந்த பிறகு சுவரை அடைக்கலாம்.